கதையில் இல்லாத பெனிதா

ஹாரோ, இலோய்லோ
11 ஜூன் 1961

அன்புள்ள டெலிங்,

நீயும் சாந்தோவும் சுகமா? மழை பிடித்ததும் எனக்கு வருகிற இருமல் இந்த வருஷமும் வந்தது. இஞ்சித் தண்ணீருக்குப் பயந்து போய்விட்டது. பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. கன்னியாஸ்திரிகள் இந்த முறையும் மேல் வகுப்பு இலக்கியப் பாடத்தை என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

நீ கல்யாணமாகி மின்டனாவோவுக்குக் கப்பல் ஏறிய பிறகு உன்னிடமிருந்து வந்ததெல்லாம் அட்டைகள். எங்கள் தபால்காரரே, “தங்கச்சி கார்டு வந்திருக்கு டீச்சர், படிக்கிறதுக்குத்தான் ஒண்ணுமில்ல” என்று சொல்லிக் கொடுக்கிறார். நான் அனுப்பிய நீலச் சட்டை உனக்கு அளவாக இருந்ததா? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று கேட்டேனே?

உன்னைப் பேசவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கதைதான். நம் வாரப் பத்திரிகையில் ‘உப்பளத்து வீடு’ என்று புதுத் தொடர் வருகிறது. அங்கேயும் அந்தப் பத்திரிகை வருமே, படிக்கிறாயா? பெனிதா என்ற சின்னப் பெண், தாமியான் என்ற உப்பளக்காரனைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய் வாழ்கிறாள். நான்காவது அத்தியாயத்தில் பக்கத்துப் பெண்கள் அவளைப் பார்க்க வருகிறார்கள். அவள் படியில் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று வகுப்பில் கேட்டேன். “திமிரு டீச்சர்! உப்பளம் இருக்குல்ல!” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உனக்கு?

சின்ன வயதில் தொடர்கதைக்காகத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள் நாம். ஒரு பக்கமாவது எழுது. கொஞ்சம் பிஸ்கோச்சோ ரொட்டி சுட்டு அனுப்பியிருக்கிறேன்; கப்பலில் நொறுங்கியிருந்தால் கரண்டியால் சாப்பிடு.

உன் நலத்தை எதிர்பார்க்கும் அக்கா,
மனாங் அம்பாரோ


மார்பெல், கோத்தபாத்தோ
23 ஜூலை 1961

அன்புள்ள மனாங்,

நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உன் இருமல் போனது பற்றிச் சந்தோஷம். மழையில் நனையாதே. பிஸ்கோச்சோ நொறுங்காமல் வந்தது.

உன் கடிதத்தை சாந்தோ இரவுச் சாப்பாட்டின்போது எனக்குப் படித்துக் காட்டினார். நன்றாகப் படிப்பார். இந்த முறை நெல் நன்றாக வந்திருக்கிறது. சாந்தோ மிகவும் பாடுபடுகிறார்.

பத்திரிகை ஒவ்வொரு வாரமும் வருகிறது. பெனிதா திமிர் பிடித்தவள் இல்லை மனாங். அப்படிச் சொல்லாதே. யாரோடு பேசினாலும் சாயங்காலம் தாமியான் கேட்பான். அவள் என்ன சொன்னாள், நீ என்ன சொன்னாய், அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று வரிசையாகக் கேட்பான். கோபமாகக் கேட்கமாட்டான். ஒரு வார்த்தை முன்பின்னாக வந்தால் முதலிலிருந்து சொல்லச் சொல்வான். நிறையப் பேசினால் நிறைய ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அவள் இரண்டு வார்த்தையோடு உள்ளே போய்விட்டாள்.

வேறு விசேஷம் இல்லை. சாந்தோ உனக்கு வணக்கம் சொல்கிறார்.

உன் தங்கை
அதெலா


ஹாரோ
6 ஆகஸ்ட் 1961

அன்புள்ள டெலிங்,

நீங்கள் நலம் என்று தெரிந்து மகிழ்ச்சி. இங்கே நான் நலம். கூரை மட்டும் நலமில்லை. சாப்பாட்டு மேஜை மேல் ஒழுகுகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்காவது அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். நீ சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த வரியில் இருக்கிறது? தாமியான் அந்த அத்தியாயத்தில் வருவதே இல்லை. ஐந்தாவதில் உப்பு அள்ளுகிற ஆட்களோடு இருக்கிறான். ஆறாவதில் பெனிதாவுக்கு ஒரு சீப்பு வாங்கி வருகிறான். சாயங்காலம் உட்காரவைத்து விசாரிக்கிற இடம் எங்கேயும் இல்லை. கதையில் எழுதாததையும் ஊகிக்கலாம். அதற்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஊகத்துக்குக் கதைக்குள்ளே ஒரு காலாவது ஊன்றியிருக்க வேண்டும் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேன். என் தங்கையே இப்படிக் காற்றில் வீடு கட்டினால் எப்படி?

உண்மையைச் சொல், நீ பத்திரிகை படிக்கிறாயா, இல்லை அக்காவைத் திருப்திப்படுத்த ஏதோ எழுதினாயா? கோபப்படமாட்டேன்.

சட்டையைப் பற்றியும் படத்தைப் பற்றியும் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சாந்தோவுக்கு என் விசாரிப்பு.

மனாங் அம்பாரோ


மார்பெல்
30 செப்டம்பர் 1961

அன்புள்ள மனாங்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எங்கள் இருவருக்கும் சுகம்தான். உன் கூரையைச் சீக்கிரம் சரிபண்ணு, சுவரில் ஈரம் ஏறினால் இருமல் திரும்ப வரும்.

நீ எந்த வரி என்று கேட்டிருந்தாய். நான் நாலைந்து நாள் தேடினேன். பழைய இதழ்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

மனாங், பெனிதாவின் வீட்டில் அரிசிப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. சாவி தாமியானிடம். காலையில் அளந்து கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். போவதற்கு முன் வீட்டைச் சுற்றி இருக்கிற மணலை வாரியலால் இழுத்துச் சமமாக்கிவிட்டுப் போவான். திரும்பி வந்ததும் முதலில் தரையைத்தான் பார்ப்பான். கிணற்றுக்குப் போன தடம் தவிர வேறு தடம் இருந்தால் கேட்பான். பெனிதா அதனால் கல் மேல் கால் வைத்தே நடக்கப் பழகிவிட்டாள். தாமியான் அவளை அடித்ததே இல்லை. ‘எல்லாம் உன் நல்லதுக்குத்தான்’ என்பான்.

இது எந்த அத்தியாயம் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

இந்தக் கடிதத்தை சாந்தோ படித்துப் பார்த்தார். தாமியான் விவரமான ஆளாக இருக்கிறானே என்று சிரித்தார்.

சட்டை அளவாக இருக்கிறது. போட்டுக்கொண்டு போக இடம் வரவில்லை.

உன் தங்கை
அதெலா


ஹாரோ
15 அக்டோபர் 1961

அன்புள்ள பிரிகிதா,

உன் சாப்பாட்டுக் கடையும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலிக்கு அந்த எண்ணெயை விடாமல் தேய்க்கிறாயா?

டெலிங் இருக்கிற மார்பெலுக்குப் பக்கம், டாடியாங்காஸ் துறைமுகத்தில், எனக்கு வேண்டியவள் நீ ஒருத்திதான். சித்தப்பா மகள் என்ற உரிமையில் ஒரு காரியம் கேட்கிறேன். டெலிங்கின் கடிதங்கள் இரண்டை இதோடு வைத்திருக்கிறேன். படி. அதில் பெனிதா என்று வருகிறவள் ஒரு தொடர்கதைப் பெண். டெலிங் அவளைப் பற்றிச் சொல்வது எதுவுமே அந்தக் கதையில் இல்லை. இரண்டு முறை தேடினேன். அங்கே வேறு பதிப்பு வருகிறதோ என்று பத்திரிகை ஆபீசுக்கே எழுதிக் கேட்டேன். ஒரே அச்சுதான் எல்லா ஊருக்கும் போகிறதாம்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பெயர் சொல்லாமல் வகுப்பில் எடுத்துச் சொன்னேன்: ஒரு வாசகி, கதையில் இல்லாத பூட்டைப் பார்க்கிறாள், இல்லாத மணலைப் பார்க்கிறாள். இவளைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வரலாம்? கவனக்குறைவு என்றாள் ஒருத்தி. கற்பனை அதிகம் என்றாள் இன்னொருத்தி. எர்மெலிந்தா என்று ஒருத்தி, எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பாள், அவள் எழுந்து, “டீச்சர், அந்தக்கா கதைய எங்க சொல்றாங்க? அவங்க வீட்டச் சொல்றாங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சாக்கட்டி கையிலிருந்து விழுந்துவிட்டது.

அந்தப் பெண் சொன்னது தவறாக இருக்க வேண்டும் என்று தினம் வேண்டிக்கொள்கிறேன். நீ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. எதையும் கேட்காதே. பார்.

அம்பாரோ


டாடியாங்காஸ்
4 நவம்பர் 1961

பாரிங்,

நான் நல்லா இருக்கேன், முட்டி நல்லா இல்லை. எனக்கு உன்னைப்போல அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை மார்பெல் சந்தைக்கு ஜீப்பில் காய்கறி வாங்கப் போனவள், அப்படியே அவர்கள் பண்ணைக்கு வண்டியை விட்டேன். உன் தங்கச்சி புருஷன் இருக்கிறானே, அவனைப்போல உபசாரம் பண்ண ஆளில்லை. இளநீர் வெட்டினான், நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஆனால் நான் இருந்த நேரம் முழுக்க அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. டெலிங் மெலிந்திருக்கிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. நான் அவளைக் கேட்டால் அவன் பதில் சொல்கிறான்.

“என்னடி டெலிங், இப்படி இளைச்சுட்ட?”

“வெயில் ஆகல அவளுக்கு” என்றான் அவன்.

“என்னடி சமைச்ச இன்னைக்கு?”

“மீன் குழம்பு. நல்லா வைப்பா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் தம்பி, வாய வாடகைக்கு விட்டிருக்காளா?” என்று கேட்டுவிட்டேன். சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

அவளைப் பார்த்து, “நான் சனிக்கிழமை தவறாம மார்பெல் சந்தைக்கு வர்றேன்டி, தபாலாபீஸுக்கு எதிர்லதான் ஜீப்ப நிறுத்துவேன். எப்பவாச்சும் வந்தா பாரு” என்றேன். அவள் தலையாட்டவில்லை. காதில் விழுந்ததா தெரியாது.

புறப்படும்போது பார்த்தேன் பாரிங். வீட்டைச் சுற்றி மணல், சீப்பு வைத்து வாரின மாதிரி இருந்தது. வழியனுப்ப வந்தவள் கல்லுக்குக் கல் தாவி வந்தாள், சின்னப் பிள்ளை விளையாடுவதுபோல. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. அடுப்படியில் பெரிய பெட்டி, அதில் பூட்டு. நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

உன் மாணவி கெட்டிக்காரி. அவளுக்கு என் செலவில் ஏதாவது வாங்கிக் கொடு.

பிரிகிதா


ஹாரோ
19 நவம்பர் 1961

அன்புள்ள டெலிங்,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் நலம். கூரை மாற்றியாகிவிட்டது.

நீ சொன்னதுதான் சரி. மறுபடி நிதானமாகப் படித்தேன். பூட்டு இருக்கிறது, மணலும் இருக்கிறது. நான்தான் அவசரத்தில் கவனிக்காமல் விட்டேன். அக்காவை மன்னித்துவிடு.

இனி என்ன நடக்கும் என்று யோசித்தேன். பெனிதாவுக்குக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற உறவுக்காரி ஒருத்தி இருக்கிறாளே, அவள் வாரா வாரம் வண்டியோடு சந்தைக்கு வருகிறாள். பெனிதா புறப்பட நினைத்தால் துணிமணிகூட எடுக்க வேண்டாம், வண்டியில் ஏறினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதாசிரியர் அப்படித்தான் கொண்டுபோவார் என்று நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

சாந்தோவுக்கு என் அன்பு.

மனாங் அம்பாரோ


மார்பெல்
10 டிசம்பர் 1961

மரியாதைக்குரிய மனாங் அம்பாரோ அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் நெருங்கும் இந்த நாட்களில் தாங்கள் பூரண சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதெலாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல். ஆகவே நான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

உங்கள் கடிதங்களில் வருகிற கதையில் எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பாதிரியார் வீட்டில் பத்திரிகையின் எல்லா இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வாங்கி வந்து முதல் அத்தியாயத்திலிருந்து வரிவிடாமல் படித்தேன். நான் அதிகம் படித்தவன் அல்ல; ஆனால் பொறுமையாகப் படிப்பவன். அதில் பூட்டு இல்லை. மணல் இல்லை. கடற்கரையில் கடை வைத்திருக்கும் உறவுக்காரியும் இல்லை.

என் மனைவி இல்லாததைச் சொல்வது எனக்கு ஆச்சரியமில்லை. அவள் கொஞ்சம் கனவு காண்பவள். ஆனால் முதலில் ‘எந்த வரி’ என்று கண்டித்துக் கேட்ட ஆசிரியை, பிறகு ‘இருக்கிறது’ என்று ஏன் எழுத வேண்டும்? இடையில் பிரிகிதா வேறு வந்துவிட்டுப் போனாள். நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. உங்களிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

தங்கள் ஆசியை வேண்டும்
கிரிசாந்தோ


ஹாரோ
27 டிசம்பர் 1961

அன்புள்ள சாந்தோ,

பிறக்கப்போகிற வருஷம் உங்கள் இருவருக்கும் நல்லதாக அமையட்டும். டெலிங்கின் காய்ச்சல் குறைந்ததா? எலுமிச்சை இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்.

நீ என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய்! படித்துவிட்டு வெட்கத்தில் சிரித்தேன். சின்ன வயதில் எனக்கும் டெலிங்குக்கும் ஒரு விளையாட்டு உண்டு: தொடர்கதைக்கு நாங்களாகவே அத்தியாயம் சேர்ப்போம். அவள் பூட்டு போட்டாள், நான் உறவுக்காரியைப் போட்டேன். வயதான ஆசிரியை இப்படியும் பொழுதுபோக்குகிறாளா என்று நீ நினைப்பாய். யாரிடமும் சொல்லிவிடாதே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் இத்தனை பெண்கள் படிக்கிறார்கள், ஒருத்திகூட உன்னைப்போல் வரிவிடாமல் படித்ததில்லை. எல்லாரும் தாமியானைத் திட்டுகிறார்கள். தாமியான் தரப்பை எடுத்துச் சொல்ல ஓர் ஆண்குரல் இல்லை. நீ எழுதித் தருகிறாயா? தாமியான் எப்படிப்பட்டவன், அவன் மனதில் என்ன இருக்கிறது? நான் அதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டுவேன். அவசரமில்லை. ஆனால் பண்டிகை நேரத்தில் எனக்கு வந்த இரண்டு கடிதங்கள் தொலைந்துவிட்டன. ஆகவே மார்பெல் நகரத்துத் தபாலாபீசில் பதிவுத் தபாலாகச் சேர்த்துவிடு.

அன்புடன்
மனாங் அம்பாரோ


மார்பெல்
19 ஜனவரி 1962

மரியாதைக்குரிய மனாங் அவர்களுக்கு,

தங்கள் நலத்தை எதிர்பார்க்கிறேன். அதெலாவுக்குக் குணமாகிவிட்டது.

தாமியானைப் பற்றித் தாங்கள் கேட்டதைத் தனித்தாள்களில் எழுதியிருக்கிறேன். சுருக்கம் இதுதான். தாமியான் கெட்டவன் அல்ல. உப்பளத்தில் ஒரு கரை உடைந்தால் கடல் உள்ளே வந்துவிடும் என்று தெரிந்தவன். விசாரிப்பதும் காவல் காப்பதும் அன்புள்ளவன் செய்கிற வேலை. அக்கறையில்லாதவன்தான் மனைவியை அவள் போக்கில் விடுவான். பெனிதாவுக்கு இது இன்னும் புரியவில்லை. புரியும்வரை அவனுக்குப் பொறுமை இருக்கிறது. இதைத் தங்கள் மாணவிகள் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

சந்தை நாளில்தான் இங்கிருந்து வண்டி கிடைக்கும்; நாளை சனிக்கிழமை நானே நகரத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். அதெலாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தனியாக வீட்டில் இருக்க அவள் பயப்படுகிறாள்.

கிரிசாந்தோ


டாடியாங்காஸ்
8 பிப்ரவரி 1962

அன்புள்ள மனாங்,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த வார்த்தையை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தந்தி கிடைத்திருக்கும். விவரம் கேட்டு நீ துடித்துக்கொண்டிருப்பாய். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. நீ பெனிதாவின் உறவுக்காரியைப் பற்றி எழுதிய கடிதத்தை நான் பார்க்கவே இல்லை. அப்படி ஒன்று வந்ததே இங்கே பிரிகிதா சொல்லித்தான் தெரியும். சாந்தோ அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் நான் வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

உன் அடுத்த கடிதத்தை மட்டும் படித்துக் காட்டினார். அவ்வளவு பெருமை அவருக்கு. “கேட்டியா டெலிங், உங்கக்கா என்ன எழுதியிருக்கா? என்னைப்போல யாரும் படிக்கலியாம்!” என்று அந்த வரியை மறுபடியும் மறுபடியும் படித்தார். மனாங், நீ யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பள்ளியில் முதலாவதாக வந்தபோதுகூட என் எழுத்துக் கோணலைத்தான் சொன்னாய். தேன் ஊற்றிய உன் எழுத்தைக் கேட்டதும், இது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்கிறாய் என்றால் உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் தட்டைக் கழுவப் போவதுபோல எழுந்து போய் அடுப்படியில் அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை தபாலாபீசில் நல்ல கூட்டம். பிரிகிதாவின் ஜீப்பு எதிரில் நிற்கும் என்று அவருக்கும் தெரியும்; அதனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முறை வந்தபோது உறையில் அரக்கு வைக்க வேண்டும், ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. என்னை விட்டார். ஜன்னலுக்கு வெளியே பிரிகிதாவின் ஜீப்பு. நான் நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று பயம். தெருவைக் கடந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பிரிகிதா கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காயை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். “பாவி, இன்னும் ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா கத்தரிக்காய வாங்கியிருப்பேன்” என்று வழி முழுக்கத் திட்டினாள்.

மறுநாள் மதியமே அவர் வந்துவிட்டார். கடையில் சுமைதூக்குகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. என்னிடம் வந்து மெதுவாக, “டெலிங், வா, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். “வரல.”

“எல்லாரும் பாக்கறாங்க. வா.”

“பாக்கட்டும்.”

அவர் முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. “நான் என்ன பண்ணேன்? உன்ன அடிச்சேனா? பட்டினி போட்டேனா? இங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. ஒரு அடி, ஒரே ஒரு அடி காட்டு.”

மனாங், காட்ட என்னிடம் ஒரு தழும்புகூட இல்லை. நானே எத்தனையோ நாள், அடிக்காத மனுஷனைக் குறை சொல்கிறோமே என்று என்னையே திட்டியிருக்கிறேன். அப்போதுதான் உன் ஆகஸ்ட் மாதத்துக் கடிதம் ஞாபகம் வந்தது.

அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நான் உனக்கு ஜாடையாக எழுதினேன் என்று நீயும் பிரிகிதாவும் நினைக்கிறீர்கள். முதல் கடிதத்தில் அப்படி இல்லை. தாமியான் சாயங்காலம் கேட்பான் என்று எழுதினேனே, அது கதையில் இருப்பதாகவே நினைத்தேன். சத்தியமாகப் படித்த ஞாபகம் இருந்தது. நீ எந்த வரி என்று கேட்டதும் கோபம் வந்தது. தேடினேன். எல்லா இதழையும் தரையில் பரப்பித் தேடினேன். இல்லை. கதையில் இல்லையென்றால் நான் எங்கே பார்த்தேன்? அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தபோது சாந்தோ உள்ளே வந்து, “இன்னைக்கு யாரு வந்தா?” என்று கேட்டார். அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் தெரிந்தே எழுதினேன்.

ஆகவே அன்றைக்குக் கடையில் வாயைத் திறந்தேன். பெனிதா பெயரை எடுக்காமல், என் பெயரிலேயே சொன்னேன். “என் அரிசிப் பெட்டிக்கு நீ பூட்டு போட்ட. என் முற்றத்து மணல நீ வாரிவிட்ட. நான் பேசின ஒவ்வொரு பேச்சையும் என்னைத் திருப்பிச் சொல்ல வெச்ச. அடிச்சிருந்தா ஒரு நாள்ல ஓடி வந்திருப்பேன்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கறுப்பாக உயரமாக இருந்த ஒருவர், “மணலையா வாரிவிடுவாரு? எதுக்கு?” என்று கேட்டார். “தடம் பாக்க” என்றேன். அவர் சாந்தோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அட, எங்க துறைமுகத்துக்கே இவ்வளவு காவல் கிடையாதே” என்றார். யாரோ சிரித்தார்கள். பிரிகிதா அகப்பையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

சாந்தோவால் எதையும் தாங்க முடியும், நாலு பேர் சிரிப்பதைத் தாங்க முடியாது. சட்டையைச் சரிசெய்துகொண்டு, “உனக்குப் புரியுறவரைக்கும் எனக்குப் பொறுமை இருக்கு” என்றார். போய்விட்டார். போனவர் போனவர்தானா என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு போய்விட்டது. வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தால் இன்னும் அடுப்படிக்குள் போய்விடுகிறேன். பாதிரியாரிடம் பேச வேண்டும், வக்கீலிடம் கேட்க வேண்டும் என்கிறாள் பிரிகிதா. கேட்போம். உடனே கப்பலேறி ஹாரோவுக்கு வா என்று நீ எழுதுவாய். இப்போது வேண்டாம். நான் இங்கே வேலை செய்கிறேன். குழம்பு வைக்கிறேன், கடன் சொல்கிறவர்களை விரட்டுகிறேன்.

போன வாரம் ‘உப்பளத்து வீடு’ கடைசி அத்தியாயம் வந்தது. நீ படித்திருப்பாய். பெனிதா தன் பிடிவாதத்துக்காக அழுது, தாமியான் காலைக் கட்டிக்கொள்கிறாள். அவன் தூக்கி நிறுத்துகிறான். சுபம். பத்திரிகை முழுக்கப் பாராட்டுக் கடிதமாம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த எழுத்தாளருக்குப் பெனிதாவை அவ்வளவாகத் தெரியாது. நாலாம் அத்தியாயத்தில் படியில் நிற்கும்போது அவளை ஒருமுறை சரியாகப் பார்த்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. உன் வகுப்பில் என் பெயரைச் சொல்லியே இதைக் கேள். அந்த எர்மெலிந்தா என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது.

இதழைப் பத்திரமாக வைத்திருந்து உனக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். அதற்குள் பிரிகிதா அதைக் கிழித்து வறுத்த மீன் மடித்துக் கொடுத்துவிட்டாள். “ஐயோ, உனக்கு வேணுமா?” என்றாள். வேண்டாம் என்று அடுத்த தாளையும் நானே கிழித்துக் கொடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் மனாங். நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

அதெலா